ஆடி அமாவாசைக் குடில்கள்

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காட்டின் வாசலில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள். பேரருவியில் தலையைக் கொடுக்கும்போது இந்தத் தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்று அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஒதுங்கி, ஈரத்துணியைப் பிழிந்து, நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு தென்காசிக்கோ செங்கோட்டைக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். பேரருவிக்கு மேலே செண்பகாதேவி இருக்கிறது. அதற்கும் மேலே தேனருவி. எங்கள் அம்மா தலைமுறை செண்பகாதேவிக்கு நடந்துபோய், அம்மன் கோயில் வாசலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு வந்த தலைமுறை. இப்போது அந்த இரண்டு அருவிக்கும் குளிக்க வருகிறவர்களை வனத்துறை விடுவதில்லை. இங்குள்ள மலைக்காடுகளைச் சேர்த்து 2015-இல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் அமைந்தது. சீசன் காலத்தில் லட்சம் பேர் வந்துபோகிற ஊருக்குத் தலைக்கு மேலேயே அதன் காடு நிற்கிறது.

தடையை நான் குறை சொல்லவில்லை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை பெய்து தண்ணீர் இறங்கும். மலையின் அந்தக் குணம் கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. அங்கே ஒரு ராத்திரியாவது தங்கியவனுக்குக் கொஞ்சம் தெரியும். காற்று எப்போது திசை மாறுகிறது, ஆற்றின் சத்தம் எப்போது கனக்கிறது, பூச்சிகள் எப்போது வாயை மூடிக்கொள்கின்றன என்பதெல்லாம் பகலில் வந்து போகிறவன் காதில் விழுவதில்லை.

சில வருஷங்களாகக் குண்டாறு, மேக்கரை, பண்பொழிப் பக்கம் ‘கேம்பிங்’ என்ற பலகைகளைப் பார்க்கிறேன். தோப்புக்குள் வரிசையாக நைலான் கூடாரங்கள், சீரியல் விளக்குகள், ராத்திரி தீ மூட்டி ஸ்பீக்கரில் பாட்டு. காட்டோடையை மறித்துத் திருப்பி விடுதிக்குள்ளேயே அருவி விழவைக்கும் வேலையும் நடந்தது. 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இந்தச் செயற்கை அருவிகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. இவற்றில் தங்க வருகிற பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டு வருகிறார்கள். அந்த ஆசை நல்ல ஆசை. அவர்களுக்குக் காட்டைக் காட்டித்தர ஆள் இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கூடாரம், தூங்கும் பை, தலையில் மாட்டும் விளக்கு எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. கூட்டிப்போய், இங்கே உட்கார், இங்கே பேசாதே என்று சொல்கிற பெரியவர் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் காட்டில் குடில் போட்டுத் தங்குவது புதிதில்லை. தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம் போய், சோதனைச்சாவடியைத் தாண்டி மலையேறினால் காரையாற்றுக்குப் போகிற வழியில், தாமிரபரணிக் கரையில், சொரிமுத்து அய்யனார் கோயில். சாஸ்தாக்களில் மூத்தவர் இவர்தான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆடி அமாவாசைக்குத் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து ஜனம் சட்டிபானையோடு கிளம்பி வந்து ஆற்றங்கரைக் காட்டில் குடிலடிக்கும். முன்பெல்லாம் வாரக்கணக்கில் தங்குவார்கள். இப்போது சில நாட்கள்தான் அனுமதி.

கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். முண்டந்துறை 1962-இல் சரணாலயமானது. சிங்கவால் குரங்குக்காகக் களக்காட்டை 1976-இல் சரணாலயமாக்கினார்கள். 1988-இல் இரண்டையும் சேர்த்தபோது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. அமெரிக்காவில் 1872-இல் யெல்லோஸ்டோன் உருவானபோது உலகத்துக்கு ஒரு மாதிரி கிடைத்தது: இது காடு, மனிதன் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், இங்கே குடியிருக்கக் கூடாது. நம் தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் அந்த மாதிரியின் சாயல் இருக்கிறது. ஆனால் சொரிமுத்தையன் அங்கே உட்கார்ந்தது இந்த எல்லைக்கற்கள் நடப்படுவதற்கு வெகுகாலம் முன்பு. காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணிக்காரர்களும் அப்படித்தான். வருஷம் முழுக்க அந்தக் காட்டில் இருக்கிறவர்கள் அவர்கள். நாங்கள் ஆடிக்கு வந்து போகிற விருந்தாளிகள்.

நான் முதன்முதலில் போனபோது சின்னப் பையன். தென்காசியிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு லாரி பிடித்திருந்தார்கள். மூங்கில் கழி, பனையோலைத் தட்டி, தார்ப்பாய், அரிசி மூட்டை, நேர்ந்துவிட்ட கிடா, அதற்குத் தழை, அதன் பக்கத்தில் நாங்கள். மலைப்பாதையில் ஏறியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. லாரியில் பாட்டுப் படித்துக்கொண்டு வந்த சித்திமார் தானாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை அடக்கவில்லை.

மாமா மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்துக் கழி நட்டார். ஆற்றை ஒட்டிப் போடவிடவில்லை. அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் ராத்திரியில் தெரியாது என்றார். ஆடியில் சாரல் பெய்தபடியே இருக்கும் என்பதால் தார்ப்பாயின் நாலு பக்கமும் மண்ணைக் கீறிச் சின்ன வாய்க்கால் எடுத்தார். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. பக்கத்துக் குடில் ஆட்கள் விக்கிரமசிங்கபுரத்துக்காரர்கள், அதற்கு அடுத்தது கடையத்துக்காரர்கள். அரைமணி நேரத்தில் எல்லோரும் அத்தை, மதினி, அண்ணாச்சி ஆகிவிட்டார்கள். கடையத்துக் குடிலில் பீடி சுற்றுகிற பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் மடியில் சொளகு இல்லாமல் அப்படிப்பட்ட பெண்களைப் பார்க்க முடியாது. பேசும்போதும், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும் கை இலையை உருட்டிக்கொண்டே இருக்கும். அங்கே அவர்கள் சும்மா உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் மட்டும் அவ்வப்போது சேலை நுனியை உருட்டின. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அவர்கள் போனதில்லை. வருஷத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே விடுமுறை இந்த அய்யனார் கொடுத்தது.

ஆச்சி எங்களை உட்காரவைத்துச் சட்டங்கள் சொன்னாள். “எய்யா, இந்தா பாரு, இது நம்ம வீடு இல்ல. ராத்திரி ஆத்துக்குத் தனியாப் போவக்கூடாது, கேட்டியா? சீட்டி அடிக்கப்பிடாது. இருட்டுன பெறகு யாரையும் பேர் சொல்லிச் சத்தம் போட்டுக் கூப்பிடப்பிடாது. ஒதுங்கப் போனா சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போணும்.” ஆற்றில் துப்பக்கூடாது, பச்சைமரத்தில் கைவைக்கக் கூடாது, பாம்பைக் கண்டால் அடிக்கக் கூடாது என்று அது நீண்டது. ஊரில் இருக்கிற ஆச்சி இவ்வளவு கண்டிப்பானவள் இல்லை. பின்னாளில் உலகின் பல தேசியப் பூங்காக்களின் விதிமுறைகளைப் படித்தபோது, அவள் சொன்னதில் பெரும்பகுதி அவற்றில் இருப்பதைப் பார்த்தேன். சத்தம் கூடாது, தனியாகப் போகக்கூடாது, எதையும் பறிக்கக்கூடாது. ஆச்சியிடம் இருந்து அந்த விதிகளில் இல்லாத ஒன்று, ஒதுங்குவதற்கு முன் அந்த இடத்திடம் அனுமதி கேட்பது.

கோயிலில் அய்யனாரைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் காவல்காரர்கள். சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன், கரடி மாடன், பட்டவராயன். சங்கிலி பூதத்தார் முன்னால் அருள் வந்தவர்கள் இரும்புச் சங்கிலியால் மார்பில் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சின்ன வயதில் நடுங்கியிருக்கிறேன். ஆனால் நெடுநேரம் நின்று பார்த்தது பட்டவராயன் சன்னதியில் தொங்கிய செருப்புகளைத்தான். நேர்ச்சையாக வந்த தோல் செருப்புகள், ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புதுத்தோலின் வாடை சந்தன வாடையோடு கலந்து அடித்தது. ராத்திரியில் பட்டவராயன் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிவருகிறார், வருஷம் திரும்பும்போது அடிப்பாகம் தேய்ந்திருக்கும் என்று மாமா சொன்னார். ஒரு செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் உண்மையிலேயே தேய்ந்திருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

பட்டவராயன் என்று கும்பிடப்படுகிற முத்துப்பட்டனின் கதையை வில்லுப்பாட்டில் கேட்காத ஆள் எங்கள் பக்கம் குறைவு. நா. வானமாமலை பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’ 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பிராமணக் குடும்பத்துப் பிள்ளை முத்துப்பட்டன், இந்த மலையில் மாட்டுக்கிடை காத்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கண்டு ஆசைப்படுகிறான். பெண் வேண்டுமென்றால் பூணூலையும் குடுமியையும் எடுத்துவிட்டு எங்கள் தொழிலைச் செய், செருப்புத் தைக்கக் கற்றுக்கொள் என்கிறார் வாலப்பகடை. அவன் செய்கிறான். கலியாணம் முடிந்த கையோடு மாடு பிடிக்கக் கள்ளர்கள் வந்த சேதி வருகிறது. கிடையைக் காக்கப் போனவன் சண்டையில் ஜெயித்து, பிறகு வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். சாதியைத் துறந்து வந்தவனும், தோல் தொழில் செய்த வீட்டுப் பெண்களும் தெய்வமாகி நிற்கிற சன்னதி அது. ஊரில் ஒரே தெருவில் நடக்க முடியாமல் இருந்தவர்களும் அங்கே செருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். குடில்களுக்குள் சாதி போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். யார் எங்கே குடிலடிப்பது என்பதில் அது இருக்கத்தான் செய்தது. ஆனால் இருட்டிய பிறகு எல்லோரும் நம்பியிருந்த காவல் அந்தச் செருப்புக்காரருடையது.

அமாவாசைக்கு முந்தின ராத்திரி. வில்லுப்பாட்டு ஓய்ந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். இந்தத் திருவிழா பௌர்ணமியில் வைக்கப்படவில்லை. நிலா இல்லாத நாளில், மழை மாதத்தில் வைத்திருக்கிறார்கள். என் கை எனக்குத் தெரியவில்லை. தென்காசியில் அப்படியொரு இருட்டை நான் பார்த்ததே இல்லை. ஆற்றின் இரைச்சல் பகலில் ஒரே சத்தமாகக் கேட்டது. இப்போது கல்லில் மோதுவது ஒன்று, மடுவில் சுழல்வது ஒன்று, வேருக்கடியில் குடைவது ஒன்று என்று தனித்தனியாகப் பிரிந்தது. சில்வண்டுகள் கூட்டமாகக் கத்துவதும் ஒரே நேரத்தில் நிறுத்துவதுமாக இருந்தன. தார்ப்பாய்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது அக்கரையிலிருந்து ஒரு சத்தம். லாரி ஹாரனை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டதுபோல் இருந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒன்று, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். குடில்களில் குறட்டையும் முணுமுணுப்பும் சட்டென்று நின்றன. “மிளா கத்துது. எதையோ பாத்துட்டு” என்றாள் ஆச்சி, ரகசியம்போல. மாமா எழுந்து அடுப்பில் இரண்டு கட்டையைத் தள்ளினார். பக்கத்துக் குடிலிலும் தீ உயர்ந்தது, அதற்கடுத்த குடிலிலும். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆற்றங்கரை நெடுக ஆயிரக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மிருகத்தின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். என்னத்தைப் பார்த்தது, சிறுத்தையா புலியா என்று கடைசிவரை தெரியவில்லை. ஆச்சி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பயத்தில் எனக்குப் பல் கிட்டியது. ஆனால் வீட்டுக்குப் போகணும் என்று தோன்றவே இல்லை.

அந்தப் பயத்தைப் பற்றி இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். அடிவாங்குகிற பயம், பரீட்சைப் பயம், கடன்காரன் பயம் எல்லாம் ஆளைச் சுருக்குகிறவை. இது அப்படி இருக்கவில்லை. அக்கரை மிளாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் ஒரே காரணத்துக்காக உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு ‘வனவிலங்கு’ என்று பேப்பரில் படித்தாலும் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது. காட்டுத்தீ என்று செய்தி வந்தால், ஆடியில் நாங்கள் படுத்துக்கிடந்த இடம் என்ன ஆச்சோ என்று மனசு பதறுகிறது. படம் பார்த்தும் பாடம் படித்தும் இது வந்திருக்காது. சபரிமலைக்குப் பெருவழியில் போய் அழுதையிலும் கரிமலையிலும் இரவு தங்கிய என் கூட்டாளிகளும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் முதல்முறை வருகிற கன்னிச்சாமி தனியாகப் போவதில்லை; குருசாமியின் பின்னால் போகிறார், நாற்பத்தொரு நாள் விரதம் இருந்துவிட்டுப் போகிறார். முதல் தடவை காட்டுக்குள் தங்கப் போகிறவனுக்கு ஒரு தயாரிப்பும் ஒரு வழிகாட்டியும் வேண்டும் என்பதை நம் ஆட்கள் எப்போதோ ஒழுங்குசெய்து வைத்திருந்தார்கள்.

பிறகு கூட்டம் பெருகியது. லாரி போய் வேன் வந்தது, வேனுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் கார்கள். ஓலைத் தட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பு. வெண்கலப் பானை வீட்டில் தங்கிவிட்டது, தெர்மாகோல் தட்டு காட்டுக்கு வந்தது. ஷாம்பு உறைகள் கல்லிடுக்குகளில் சேர்ந்தன. விறகுக்காக ஆற்றங்கரை மரங்களில் கைவைத்தார்கள். கழிப்பிடம் போதாமல் மழையோடு எல்லாம் ஆற்றில் இறங்கியது. தோஷம் கழிகிறது என்று உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விட்டுப்போகும் பழக்கம் பாபநாசத்தில் வேரூன்றியது. மூழ்கித் துணி எடுப்பதே சிலருக்கு வேலையாகிவிட்டது. அட்ரீ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் பல ஆண்டுகள் திருவிழாவின் பாதிப்பைக் கணக்கெடுத்து, தன்னார்வலர்களையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பறிமுதல், சொந்த வாகனங்களுக்குக் கட்டுப்பாடு, கீழே வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் போகும் ஏற்பாடு, தங்கும் நாட்களைக் குறைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொரோனாவால் 2020-லும் 2021-லும் ஜனங்களுக்கு அனுமதியே இல்லை. ஆடி அமாவாசையன்று அரச உடையில் அங்கே தர்பாரில் வீற்றிருந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதியும் 2020 மே மாதம் காலமாகிவிட்டார்.

சூழலியல் நண்பர்கள் சிலர், புலிகள் காப்பகத்துக்குள் ராத்திரி தங்குவதையே நிறுத்திவிட வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆற்றின் நிலைமையைக் கண்ணால் பார்த்துத்தான் அவர்கள் பேசுகிறார்கள். ஊர்க்காரர்கள், எங்கள் சாமியைக் கும்பிட எங்களுக்கே கெடுபிடியா என்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: நாட்களைக் குறைத்தது சரி. இன்னும் குறைத்தாலும் சரிதான். வாகனத்தையும் பிளாஸ்டிக்கையும் தடுத்ததும் சரி. ஆனால் அந்த ஒரு இரவை எடுத்துவிடக் கூடாது. அதை எடுத்துவிட்டால், மலையடிவாரத்தில் காசு கட்டி விடுதியில் தங்குகிறவர்களுக்கு மட்டும் காட்டு ராத்திரி மிஞ்சும். பீடி சுற்றுகிற கடையத்துப் பெண்ணுக்கு அது இல்லாமல் போகும். காட்டில் ஒரு ராத்திரி பயந்து கிடந்த ஜனம்தான், நாளைக்கு அந்தக் காட்டுக்கு ஒன்று என்றால் கேள்வி கேட்கும். பகலில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றிப்போகிற பஸ்ஸில் வந்தவனுக்கு அது இன்னொரு கோயில், இன்னொரு கூட்டம்.

கெட்டது எங்கே என்றால், விருந்தை வைத்துக்கொண்டு விரதத்தை விட்டுவிட்டோம். கிடாவெட்டு இருக்கிறது, பூக்குழி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது. சத்தம் போடாதே, துப்பாதே, கேட்டுவிட்டு ஒதுங்கு என்ற ஆச்சியின் சட்டங்களைத்தான் காணோம். வனத்துறையின் அறிவிப்புப் பலகையில் இருப்பவற்றில் பாதி அந்தச் சட்டங்கள்தான். சீருடைக்காரர் சொல்லும்போது அது கெடுபிடியாகத் தெரிகிறது, ஆச்சி சொன்னபோது சாமி காரியமாக இருந்தது. கோயில் பூசாரிகளும், வில்லுப்பாட்டுக்காரர்களும், ஒவ்வொரு குடிலிலும் மூத்த பெண்களும் அதை மறுபடி வாயால் சொல்லத் தொடங்கினால் சோதனைச்சாவடிக்குப் பாதி வேலை குறையும். காணிக்காரர்களைக் கூப்பிட்டு மேடையேற்றி, இந்த ஆற்றங்கரையில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவைக்கலாம். அவர்களுக்குத் தெரிந்ததில் கொஞ்சம் தெரிந்தாலே எங்களுக்குப் போதும்.

வருகிற ஆடிக்குப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ராத்திரி போதும். வீட்டில் முதல்முறை வருகிற பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போங்கள். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள், விறகையும் கீழேயிருந்தே கொண்டுபோங்கள், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாக்கும் இருக்கட்டும். எல்லோரும் படுத்த பிறகு விளக்கையும் செல்போனையும் அணைத்துவிட்டுப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். ஆற்றில் சோப்புப் போடாதீர்கள், துணியை விடாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் குடிக்கிறார்கள்.